காஸ் மாறும் காலம்

தெமோதரையில் ஏசி தேவைப்படும் வீடு அரிது. எல்லவுக்கும் பதுளைக்கும் நடுவே தேயிலைச் சரிவுகளோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. மார்கழி, தை இரவுகளில் லயத்து அறைகளில் கம்பளிக்குத்தான் தட்டுப்பாடு. ரயில் பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, தன் நிலையத்துக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்தால் நுழைந்து போவதைப் பார்க்க வருகிறவர்கள், குளிரைத் தேடியும்தான் இந்த மலைக்கு ஏறி வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரை வைத்துக்கொண்டு, வீட்டு ஏசிக்குள் ஓடும் வாயுவைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதக் காரணம் இருக்கிறது.

மலை ஏசியை வாங்குவது குறைவு. ஏசியைப் பூட்டுகிற, கழுவுகிற, காஸ் அடிக்கிற கைகளை அது அனுப்பிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் பெயர் பதியாமல் கொழும்புக்கும், அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் போகும் பிள்ளைகளில் சிலர் குளிரூட்டல் வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். ஊவா மாகாணத்துக்குள்ளும் எல்லா இடமும் தெமோதரை ஆகிவிடாது. மலையிலிருந்து இறங்கி வெல்லவாயவுக்கோ மகியங்கனைக்கோ மொனராகலைக்கோ போனால், மதிய வெயிலில் வங்கிக்குள்ளும் மருந்தகத்துக்குள்ளும் நுழையும்போது முகத்தில் அடிக்கும் குளிர், ஒரு கொம்பிரசரின் வேலை. அந்தக் கொம்பிரசருக்குள் இருக்கும் காஸ் இப்போது உலகம் முழுவதும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றம் நல்லபடியாக நடக்குமா என்பது ஒப்பந்தங்களில் பாதியும், ஏசி பாஸ்மாரின் கைகளில் மீதியுமாக இருக்கிறது என்பதே என் எண்ணம்.

முதலில் அந்தக் காஸ் செய்யும் வேலையைப் பார்ப்போம். நுவரெலியாவில் சோறு வேக நேரமெடுக்கும் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகை செல்சியஸ் வரை போகாமல் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அமுக்கம் குறைந்தால் கொதிநிலை இறங்கும், கூடினால் ஏறும். ஏசியின் முழு இரகசியமும் இதற்குள் அடங்கும். அறைக்குள் இருக்கும் சுருளில் காஸைக் குறைந்த அமுக்கத்தில் விட்டால், அது அறையின் சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஆவியை வெளியே இருக்கும் கொம்பிரசர் நெருக்கி அமுக்கத்தை ஏற்றினால், கொதிநிலை வெளிக்காற்றின் வெப்பநிலையைத் தாண்டிவிடும். அப்போது அது வெளிச்சுருளில் மறுபடி திரவமாகி, தான் சுமந்துவந்த வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டிவிடும். ஏசி குளிரை உண்டாக்குவதே இல்லை. ஓர் இடத்து வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறது.

ஆகவே நல்ல காஸ் என்றால் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். குழாயை அரிக்கக்கூடாது, நஞ்சாக இருக்கக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது. இத்தனை குணமும் ஒரே மூலக்கூறில் சேர்வது கடினம். 1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியாவும் கந்தகவீரொட்சைட்டும் மெதில் குளோரைட்டும் ஓடின. குழாய் கசிந்தால் வீட்டில் இருந்தவர்கள் இறந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் குளோரீனும் புளோரீனும் காபனும் சேர்ந்த குளோரோபுளோரோகாபன்களைக் கொண்டுவந்தார்கள். 1930இல் ஒரு கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சாக இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியிருக்கவில்லை. அந்த நாளின் அறிவுக்கு அது சரியான விடையாகவே இருந்தது.

எதனோடும் சேராத அந்த நல்ல குணமே பின்னால் ஆபத்தாயிற்று. தரையில் அழியாத மூலக்கூறு பல பத்தாண்டுகள் அலைந்து படைமண்டலத்துக்கு ஏறுகிறது. அங்கே புறவூதாக் கதிர் அதை உடைத்துக் குளோரீனை வெளியே விடுகிறது. ஒரு குளோரீன் அணு ஓசோன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைக்கும். 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வூட் ரோலண்டும் இதை எழுதினார்கள். 1985இல் அந்தாட்டிக்கா வானில் ஓசோன் மெலிந்து கிடப்பதை பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இதற்கிடையில் 1975இல் வந்த இன்னொரு கண்டுபிடிப்பைத் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன், படிப்பு முடிந்ததும் செகந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து காஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அங்கே அவர் செய்த வேலை. பிறகு பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கப் போனவர், அதே காஸ் வானத்துக்குப் போனால் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டார்.

பூமி தன் வெப்பத்தைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாக விண்வெளிக்கு அனுப்புகிறது. நீராவியும் காபனீரொட்சைட்டும் அதில் பெரும்பகுதியை மறித்தாலும், சில அலைநீளங்களில் மட்டும் வழி திறந்தே இருக்கிறது. காபனும் புளோரீனும் சேரும் பிணைப்பு சரியாக அந்தத் திறந்த வழியில்தான் கதிரை உறிஞ்சுகிறது. குளோரோபுளோரோகாபனின் ஒரு மூலக்கூறு, காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூறைப் போல 10,000 மடங்கு வலிமையோடு பூமியைச் சூடாக்கும் என்று ராமநாதன் காட்டினார். காலநிலையைக் கெடுப்பது புகைபோக்கி மட்டும் என்றிருந்த எண்ணம் அதோடு போயிற்று. சமையலறை மூலையில் சத்தமில்லாமல் நிற்கும் பெட்டியும் கணக்குக்குள் வந்தது.

ஓசோனை அழிக்கும் வாயுக்களை நிறுத்துவதற்கான மொன்றியல் உடன்படிக்கை 1987 செப்டெம்பர் 16இல் கையெழுத்தானது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. 2001 ஒக்டோபரில் உடன்படிக்கை நாடுகளின் 13ஆவது கூட்டம் கொழும்பிலேயே நடந்தது. தேயிலைத் தோட்டங்களை அந்த உடன்படிக்கை தொட்டது ஏசி வழியாக இல்லை, கன்று வளர்க்கும் தவறணை வழியாக. தேயிலைக் கன்றின் வேரைத் தின்னும் நூற்புழுவை ஒழிக்க, தவறணை மண்ணுக்கு மெதில் புரோமைட்டு என்ற வாயுவைப் போட்டுவந்தார்கள். நிறமில்லாத, கடும் நஞ்சான வாயு அது. அதிலுள்ள புரோமீன், அணுவுக்கு அணு, குளோரீனைவிட ஏறத்தாழ 60 மடங்கு வேகமாக ஓசோனை அழிக்கும். உடன்படிக்கையின் கீழ் அதையும் நிறுத்தத் திட்டம் வந்தது. வளரும் நாடுகள் அனைத்துக்கும் 2015 கடைசிக் கெடுவாயிற்று. கப்பலேற்றும் சரக்குக்குப் புகையூட்டுவது போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தேயிலை அதனால் அழிந்துவிடவில்லை, கன்றுகள் வேறு முறைகளில் வளர்கின்றன. புதிய காஸ் வந்தால் தொழில் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தவறணைக் கதையைத்தான்.

வீட்டு ஏசியில் நெடுங்காலம் ஓடியது ஆர்-22. இதிலும் குளோரீன் உண்டு. ஆனால் கூடவே ஓர் ஐதரசன் அணு இருப்பதால் பெரும்பகுதி கீழ்வளியிலேயே சிதைந்துவிடும். அதனால் ஓசோனுக்குச் செய்யும் கேடு பழைய வாயுக்களின் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கேடும் வேண்டாம் என்று உலகம் முடிவெடுத்தது. வளரும் நாடுகள் 2025க்குள் 67.5 வீதத்தைக் குறைத்து, 2030இல் பழுதுபார்ப்புக்கான சிறு ஒதுக்கீடு தவிர முழுவதும் நிறுத்த வேண்டும். பழைய ஏசிக்குக் காஸ் கிடைப்பது கடினமாகிக்கொண்டு போவதற்கும் விலை ஏறுவதற்கும் இதுதான் காரணம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆர்-22க்குப் பதில் வந்தது ஆர்-410ஏ. இதில் குளோரீன் இல்லை, ஓசோனுக்குத் தீங்கும் இல்லை. இது இரண்டு வாயுக்களைச் சம எடையில் கலந்த கலவை: ஒன்று ஆர்-32, மற்றது ஆர்-125. ஆர்-32 நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் மெல்லத் தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-125 தீயை அடக்கும் குணமுள்ளது. தீயணைப்புக் கருவிகளில்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்புக்காக அதைச் சேர்த்ததில்தான் புதுச் சிக்கல் வந்தது. பூமியைச் சூடாக்கும் ஆற்றலை 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டு அளப்பது வழக்கம். அந்த அளவில் ஆர்-32க்கு 675, ஆர்-125க்கு 3500. இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் 2088. ஆர்-22க்கு இருந்ததே 1810தான். ஓசோனைக் காப்பாற்றிய காஸ், வெப்பத்தில் பழையதையும் மிஞ்சிவிட்டது.

இந்த எண்ணை வீட்டுக் கணக்கில் பார்ப்போம். ஓர் ஏசியிலுள்ள ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் போனால் அது ஏறத்தாழ 2.1 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். அப்படியானால் அந்த ஒரு கிலோ காஸ் 900 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று, கொழும்பிலிருந்து பதுளைக்கு 230 கிலோமீற்றர் பாதையில் நாற்பத்தைந்து தடவைக்கு மேல் ஓடலாம். வால்வைத் திறந்து காஸை வெளியே விட ஐந்து நிமிடம் போதும். ஏசியை இடம் மாற்றும்போதும் பழையதைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போடும்போதும் இதுதான் நடக்கிறது. நடப்பதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, புகையும் இல்லை.

2016 ஒக்டோபரில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடிய நாடுகள் ஆர்-410ஏ போன்ற இந்த வாயுக்களையும் மொன்றியல் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தன. இலங்கை 2018இல் கிகாலித் திருத்தத்தை ஏற்றது. அதன்படி 2024இல் பாவனையை உறையவைத்து, 2029இல் 10 வீதம், 2035இல் 30, 2040இல் 50, 2045இல் 80 வீதம் என்று குறைக்க வேண்டும். இந்தியா வேறு பிரிவில் இருக்கிறது, அங்கே பாவனையை உறையவைப்பது 2028இல்தான் தொடங்கும். இந்தக் குறைப்பு முழுமையாக நடந்தால், நூற்றாண்டின் முடிவில் 0.5 பாகை வரையான சூட்டைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. ஒரு வகை வாயுவை மட்டும் பிடித்து இவ்வளவு பெரிய பயன் பெறும் வாய்ப்பு காலநிலை விவகாரத்தில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இனி வரும் காஸ் எது? கடைகளில் இப்போது முன்னால் நிற்பது ஆர்-32. ஆர்-410ஏயிலிருந்து ஆர்-125ஐக் கழித்தால் மிஞ்சுவது அதுதான். சூடாக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது, ஒரே அளவு குளிருக்குக் காஸும் குறைவாகப் போதும். ஜப்பானில் 2012இல் டைக்கின் நிறுவனம் இந்தக் காஸில் ஓடும் வீட்டு ஏசியை விற்கத் தொடங்கியது. அதே காலத்தில் இந்தியாவில் கோத்ரேஜ் நிறுவனம் இன்னொரு வழியைத் தேர்ந்தது. அது ஆர்-290. பெயர் புதிதாகத் தெரிந்தாலும் பொருள் நம் சமையலறையில் இருப்பதுதான், புரொப்பேன். அதன் சூடாக்கும் ஆற்றல் 3 அளவில்தான். வீட்டு ஏசிக்கு முந்நூறு கிராம் அளவு போதும். அது முழுவதும் கசிந்தாலும் அரை லீற்றர் பெற்றோலுக்குக்கூட ஈடாகாது.

புரொப்பேன் என்றதும் நம் நாட்டு வாசகருக்கு 2021இன் கடைசி மாதங்கள் நினைவுக்கு வரும். வீடு வீடாகச் சமையல் காஸ் வெடிப்புகள் நடந்து, சிலிண்டருக்குள் புரொப்பேன் பங்கைக் கூட்டியதே பெரிய விவாதமாயிற்று. 30 பாகையில் பியூட்டேனைவிடப் புரொப்பேனின் அமுக்கம் ஏறத்தாழ நான்கு மடங்கு. கலவை மாறினால் பழைய குழாயும் ரெகுலேற்றரும் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. ஏசி விடயத்திலும் இதே பாடம்தான். காஸைக் கெட்டது என்று ஒதுக்க வேண்டியதில்லை, அந்தக் காஸுக்கென்று செய்த உபகரணம் வேண்டும். காற்றில் 2.1 வீதம் புரொப்பேன் சேர்ந்தாலே தீப்பற்றும். ஆர்-32க்கு 14 வீதத்துக்கு மேல் சேர வேண்டும், பற்றினாலும் தீ மெதுவாகவே நகரும். இரண்டும் காற்றைவிடப் பாரமானவை, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆர்-290 ஏசியில் காஸின் அளவுக்கும் அறையின் பரப்புக்கும் வரம்பு வைத்திருப்பதும், பொறி பறக்கும் மின்பாகங்களை மூடி வைத்திருப்பதும் இதனால்தான். ஆர்-22க்காகச் செய்த பழைய பெட்டியில் புரொப்பேனை அடித்துவிடுவது உயிரோடு விளையாட்டு. கொதிநிலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, ஏசி நன்றாகக் குளிரவும் செய்யும், அதனாலேயே ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது.

மிட்ஜ்லி ஓடிவந்த நெருப்புக்கே நாம் திரும்பிப் போகிறோமா என்று கேட்கலாம். ஓரளவு ஆம். ஆனால் அன்று வீட்டுப் பெட்டியில் கிலோக்கணக்கில் நஞ்சு இருந்தது, குழாயை மூடும் தொழினுட்பமும் கரடுமுரடு. இன்று கிராம் கணக்கில் அளந்து, ஒட்டு வைத்து மூடிய குழாயில் ஓடுகிறது. ஆபத்து பெரும்பாலும் பூட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும்தான்.

இங்கேதான் தோட்டத்துப் பிள்ளையின் கை வருகிறது. ஆர்-22 காலத்தில் பல பழக்கங்கள் பரவிவிட்டன. வெற்றிடப் பம்பு வைத்துக் காற்றை இழுக்காமல், கொஞ்சம் காஸை விட்டே குழாயிலுள்ள காற்றைத் தள்ளிவிடுவார்கள். கசிவு எங்கே என்று தேடாமல் மேலே காஸை அடித்துவிட்டுப் போவார்கள். குழாயில் மிச்சக் காஸ் இருக்கும்போதே ஒட்டு வைக்கச் சுடர் பிடிப்பார்கள். பழைய காஸில் இவை காசு நட்டமும் காற்றுக் கேடும் ஆயின. புதிய காஸில் கை சுடும், அறை எரியும். ஆர்-32 எரிந்தால் ஐதரசன் புளோரைட்டு என்ற அரிக்கும் நஞ்சும் வரும். குழாயிலுள்ள காஸை மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்குள் எடுத்து, நைதரசனால் கழுவி, பிறகுதான் சுடரைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அமுக்கமானியும் குழாய்களும் ஆர்-410ஏ, ஆர்-32 அமுக்கத்தைத் தாங்குவனவாக இருக்க வேண்டும், அது ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். புதிய காஸோடு ஓடும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சும், ஆகவே வெற்றிடம் இழுக்காமல் வேலை முடித்தால் கொம்பிரசர் வெகுநாள் உழைக்காது.

சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள தேசிய ஓசோன் அலகு தொழினுட்பவியலாளருக்குப் பயிற்சிகள் நடத்துகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிரூட்டல் தொழிலுக்குத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழும் உண்டு. என் கவலை மொழியும் தூரமும். குருநாகலிலோ கொழும்பிலோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் வகுப்புக்கு, பசறையிலோ தெமோதரையிலோ படித்த பிள்ளை போய்ச் சேர்ந்து பயன் பெறுவது எளிதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் தீ எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாதவன் கையில் தீப்பிடிக்கும் காஸைக் கொடுப்பது அநியாயம். அது அவன் குற்றமாகாது.

மின்சாரத்தையும் சேர்த்துத்தான் ஏசியின் கணக்கு முடியும். காஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏசி தன் ஆயுளில் குடிக்கும் மின்சாரம் பெரும் பங்கு. 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயா மின்திட்டம் 120 மெகாவாற் தருகிறது. அந்தத் தண்ணீர் ஊவா மலைகளைக் குடைந்த சுரங்கத்தால் போகிறது. சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கொழும்பில் 18 பாகையில் வைத்துப் போர்வைக்குள் தூங்குகிறவர், அந்தக் குளிருக்கு இந்த மலையின் கிணறுகளும் விலை கொடுத்திருக்கின்றன என்பதை அறிய வேண்டும். 26 பாகையில் வைத்து மின்விசிறியும் போட்டால் உடம்புக்குப் போதும்.

சூடு கூடுவதன் விலையும் மலைக்கே முதலில் வருகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், மழை பெய்யும்போது அது ஒரேயடியாகக் கொட்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரின் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் மறுபடி உயிர்களைக் கொண்டுபோயின. ஒரு தனிச் சரிவை எந்தக் காஸின் கணக்கிலும் எழுத முடியாது, அதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் பெருமழையை அடிக்கடி வரவழைக்கும் எதையும், சரிவில் கட்டிய லயத்தில் இருப்பவர்கள் அலட்சியமாகப் பார்க்க முடியாது. ஊவாத் தேயிலைக்குப் பேரும் விலையும் தருகிற கச்சான் காற்றுக் காலத்து வாசனையும் வெயில், ஈரம், குளிர் மூன்றும் அளவாகச் சேர்வதைப் பொறுத்தது.

வீட்டில் பழைய ஆர்-22 ஏசி இருந்தால் அது ஓடும்வரை ஓடட்டும். கசிவை அடைத்துப் பயன்படுத்துவது, அவசரப்பட்டுக் கழற்றி காஸைக் காற்றில் விடுவதைவிட நல்லது. புதிதாக வாங்குகிறவர் பெட்டியின் பின்னால் ஒட்டியுள்ள தகட்டில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். ஏசி பாஸ் வந்தால், “தம்பி, காஸை மீட்கிற மெசின் இருக்கா? வெற்றிடம் இழுப்பீங்களா?” என்று கேளுங்கள். அதற்கு அவர் கேட்கும் கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பயிற்சி நடத்துகிறவர்கள் பதுளையில் ஒரு வகுப்பைத் தமிழில் தொடங்க வேண்டும், கையேட்டையும் தமிழில் அச்சிட வேண்டும். ஆர்-22க்கு 2030 கெடு, அதற்குள் அந்த வகுப்பு நடந்தாக வேண்டும்.